கண்ணாடி மட்டும் உடைந்த போனைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டு, உள்ளே டிஸ்ப்ளே நன்றாக எரிந்துகொண்டிருக்கிற போனை வெளிக்கடையில் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். போனில் இருக்கிற விலை உயர்ந்த பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமான ஒன்றை மாட்டி, அதற்கு உங்களிடமே காசும் வாங்குகிற வேலை நடக்கிறது. என் அக்காவுக்கு நடந்தது, மதுரையில்.

அக்காவின் போன் 28,000 ரூபாய்க்கு வாங்கியது, அமோலெட் டிஸ்ப்ளே, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கும் வேகம்), திரைக்கு அடியிலேயே கைரேகை சென்சார். நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், முக்கியமாக அந்தத் திரைக்காகவே. சமையலறை மேடையிலிருந்து விழுந்து மூலையில் கண்ணாடி உடைந்தது. டச் வேலை செய்தது, கைரேகை வேலை செய்தது, திரையில் ஒரு கோடுகூட இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 9,800 ரூபாய் சொன்னார்கள், பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அக்காவுக்கு டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் குரூப், வங்கி, ஜிபே எல்லாமே அந்தப் போனில்தான், ஒரு வாரம் முடியாது. மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கேட்டார். "கிளாஸ் மட்டும் மாத்திக்கலாம் சார், 1,800 ஆகும், சாயங்காலம் வாங்க" என்றார்கள். நியாயமான விலைதான்.

ஒரு மணி நேரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "சார், உள்ள ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு, கிளாஸைப் பிரிக்கும்போதே டிஸ்ப்ளேல கோடு விழுந்திருச்சு. ஒரிஜினல் காம்போ போட்டுருவோம், 5,500 ஆகும்." காம்போ என்றால் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த ஒரே செட். போன் பிரித்துக் கிடக்கிறது, வேறென்ன சொல்வார் மாமா? சரி என்றார். சாயங்காலம் போய் ஜிபேயில் பணம் கட்டி வாங்கிவந்தார். பில் கேட்டதற்கு கடை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் "டிஸ்ப்ளே ஒரிஜினல் 5500" என்று பேனாவில் எழுதிக் கொடுத்தார்கள். கழற்றிய பழைய டிஸ்ப்ளேயைத் தரவில்லை.

வீட்டுக்கு வந்தால் கைரேகை வேலை செய்யவில்லை. போன் செய்து கேட்ட அக்காவிடம், "புது டிஸ்ப்ளே செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் மேடம், அடுத்த அப்டேட்ல சரியாயிடும், அதுவரைக்கும் பேட்டர்ன் போட்டுக்கங்க" என்றிருக்கிறார்கள். அப்புறம் சார்ஜ் சாயங்காலம்வரை நிற்காமல் போனது, ராத்திரியில் திரையைப் பார்த்தால் கண் கூசியது. போனுக்கு வயசாகிவிட்டது போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கையில் வாங்கிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி ஃபிரேமைவிட லேசாக மேலே துருத்திக்கொண்டிருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மின்னியது, ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. அது அமோலெட்டே இல்லை. இன்செல் என்று மார்க்கெட்டில் சொல்கிற சாதாரண எல்சிடி காப்பி.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால்தான் கவுண்டரிலேயே பிடிக்க முடியும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிவிடும். கருப்பு காட்ட வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும், அதனால் இருட்டறையில் கருப்புப் படம் வைத்தால் திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. எல்சிடி அப்படியில்லை. பின்னால் ஒரு பேக்லைட் எப்போதும் எரியும், முன்னால் இருக்கிற அடுக்கு அதை மறைத்துத்தான் கருப்பைக் காட்ட முயலும், முழுதாக மறைக்க முடியாது. டார்க் மோடு போட்டாலும் பேக்லைட் எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி மிச்சமாகாது. பூட்டிய திரையில் மணி மட்டும் காட்டுகிற வசதியை ஆன் செய்தால் மணி மட்டுமில்லாமல் திரை மொத்தமும் மங்கலாக ஒளிரும்.

கைரேகை விஷயம் இன்னும் தெளிவான சாட்சி. திரைக்கு அடியில் இருக்கிற ஆப்டிகல் சென்சார், திரையின் வெளிச்சம் விரலில் பட்டுத் திரும்பி, புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகக் கீழே வருவதைப் பார்த்துத்தான் ரேகையைப் படிக்கிறது. இந்த எல்சிடி காப்பியில் நடுவில் பேக்லைட் அடுக்கு மறித்துக்கொண்டிருக்கிறது, ஒளி கீழே இறங்காது. எந்த அப்டேட் வந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. "செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்" என்று ஒரு டெக்னீஷியன் சொன்னால், மாட்டியது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

சரி, இதில் கடைக்காரருக்கு என்ன லாபம் என்று மாமா கேட்டார். இரண்டு பக்கமும் லாபம். இன்செல் காம்போ அடக்க விலையில் மிகவும் மலிவு. அதைவிடப் பெரிய லாபம், கழற்றி எடுத்த அக்காவின் ஒரிஜினல் பேனல். மேல் கண்ணாடி மட்டும் உடைந்த, உள்ளே நன்றாக இருக்கிற அமோலெட் பேனலுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. உடைந்த கண்ணாடியைப் பிரித்துவிட்டு, ஓசிஏ என்ற ஒட்டுப்படலம் வைத்துப் புதுக் கண்ணாடியை ஒட்டினால் அது மறுபடியும் முழு விலைக்குப் போகும். போன் முழுசாகச் செத்திருந்தால் இந்த ஏமாற்று நடக்காது. டிஸ்ப்ளே உயிரோடு இருப்பதால்தான் நடக்கிறது.

நேர்மையாகச் செய்கிறவர்களைச் சேர்த்துக் குற்றம் சொல்ல மாட்டேன். கண்ணாடி மட்டும் மாற்றுவது உண்மையிலேயே கைத்திறன் வேண்டிய வேலை. சூடாக்கியோ உறைய வைத்தோ பிரிக்க வேண்டும், தூசி ஒட்டாமல் ஒட்ட வேண்டும், நடுவில் குமிழி எடுக்க மெஷின் வேண்டும். பிரிக்கும்போது டிஸ்ப்ளே போய்விடுகிற ஆபத்து நிஜமாகவே உண்டு. சென்னை ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வேலையைத் தொடும் முன்பே அதைச் சொல்லிவிடுவார், போனால் போன பேனலைக் கையில் கொடுப்பார், பதிலுக்குப் போட என்னென்ன தரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எரியவிட்டுக் காட்டுவார். கம்பெனியிலிருந்து ஃபிரேமோடு வருவது, வேறு போனிலிருந்து கழற்றிய ஒரிஜினல், அமோலெட் போலவே புள்ளிகள் தானாக ஒளிவிடும் ஓஎல்இடி காப்பி, இன்செல் என்று நாலுக்கும் நாலு விலை. ஏமாற்றுகிற கடையில் நாலுக்கும் ஒரே பெயர், ஒரிஜினல்.

நானும் மாமாவும் அந்தக் கடைக்குப் போனோம். முதலில் "இதுவும் ஒரிஜினல்தான் தம்பி" என்றார். பக்கத்தில் என் போனை வைத்து இரண்டிலும் கருப்புப் படத்தைக் காட்டினேன். "உங்க மாடலுக்கு இதுதான் வருது" என்றார். அப்படியானால் கைரேகை சென்சாரைக் கம்பெனி எதற்கு வைத்தான் அண்ணே என்று கேட்டேன், பதில் இல்லை. பழைய பேனலைக் கொடுங்கள், கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றேன். "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிருச்சு." கோடு விழுந்த பேனல் என்றால் அதைக் காட்டுவதில் அவருக்கு என்ன கஷ்டம்? காட்டவே மாட்டேன் என்றால் கோடு விழவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் விசிட்டிங் கார்டையும் ஜிபே ரசீதையும் மேசைமேல் வைத்து, நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறோம் என்றதும் 2,500 ரூபாய் திருப்பித் தந்தார். மீதியும் வரவில்லை, பேனலும் வரவில்லை.

பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது வேறு ஒன்றுக்கு. டச் பார்க்க வேண்டும் என்று சொல்லி அக்காவின் பின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்கள். பூட்டிய போனிலேயே அவசர அழைப்புப் பக்கத்தைத் திறந்து எண்களை அழுத்தினால் டச் தெரியும், கேமராவைத் திறந்தால் நிறம் தெரியும். பின் நம்பர் எதற்கு? இன்றைக்குப் போன் திறந்தால் ஒரு குடும்பத்தின் போட்டோக்கள், டிஜிலாக்கரில் ஆதார், மெயில், வங்கி ஓடிபி எல்லாம் திறந்த மாதிரி. சாம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது, பிக்சலில் ரிப்பேர் மோடு. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் வேலை செய்யும், உங்கள் படங்களோ செயலிகளின் தகவலோ தெரியாது. உங்கள் போனில் அது இல்லையென்றால், பின் நம்பர் கேட்கிற கடையில் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு அழித்த போனைத்தான் கொடுக்க வேண்டும். அக்கா வீட்டில் அன்று ராத்திரியே பின், யுபிஐ பின், மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினோம்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் போனை ஆன் செய்து, டச், கைரேகை, வெள்ளைத் திரை, கருப்புத் திரை எல்லாம் தெரிகிற மாதிரி வேறொரு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முன்னாலேயே எடுத்தால் இன்னும் நல்லது. டிஸ்ப்ளே நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய பேனலைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் "அப்ப நீங்க வேற கடை பாருங்க" என்று சொல்கிறவரிடம் கொடுக்காமல் தப்பித்தீர்கள். பணம் கட்டும் முன் கருப்புப் படம், கைரேகை இரண்டையும் பாருங்கள். ஸ்க்ரோல் செய்து பாருங்கள், 120 ஹெர்ட்ஸ் பழகிய கண்ணுக்கு 60 உடனே தெரியும். முழு வெள்ளை அல்லது சாம்பல் படம் வைத்துப் பார்த்தால், பழைய போனிலிருந்து கழற்றிய பேனலில் கீபோர்டு, பேட்டரி ஐகான் இவற்றின் நிழல் படிந்திருப்பது தெரியும். ஐபோன் என்றால் இன்னும் சுலபம். ஐபோன் 11 முதல் வந்த மாடல்களில் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போனால் டிஸ்ப்ளே மாற்றப்பட்டதா, ஒரிஜினல்தானா என்று அதுவே சொல்லும். பழைய ஐபோன் வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள்.

புதுப் போன் வாங்கும்போதே டிஸ்ப்ளே என்ன விலை என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை வாட் சார்ஜர் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம், உடைந்தால் போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிற பாகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரைட் டு ரிப்பேர் என்று ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது, கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி விவரங்களுக்கு அங்கே வழி இருக்கிறது. அமோலெட் போன்களில் பச்சைக் கோடு விழுகிற பிரச்சினை வந்தபோது ஒன்பிளஸ் 2024-ல் இந்தியாவில் அதற்கு வாழ்நாள் வாரண்டி அறிவித்தது. இந்த மாதிரிச் சலுகை வருகிற நேரத்தில், வெளியே பிரித்துக் காப்பி மாட்டிய போனோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் கையை விரித்துவிடுவார்கள். தண்ணீர் புகாத போன் என்றால் ஒருமுறை பிரித்ததும் அந்த சீல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பில் இல்லையே, என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடாதீர்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. யுபிஐ ரசீது, கையால் எழுதிய சீட்டு, கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம், வேறொரு கடையில் போனைத் திறந்து இன்செல் என்று எழுதி வாங்கிய சீட்டும் கையில் இருக்கிறது. அதில் தீரவில்லையென்றால் நுகர்வோர் வழக்குகளை ஆன்லைனில் பதிகிற இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.