அண்ணா நகர் வாசிப்பு வகுப்பு: ஒரு மதிப்புரை

மதுரை அண்ணா நகரில் மாலையில் நடக்கும் இந்தத் தமிழ் வாசிப்பு வகுப்பில், 247 எழுத்துகளையும் ஒப்பிக்கச் சொல்லாமல், சொல்லைக் காதால் கேட்டு ஒலிகளாகப் பிரிக்கவும் பின்னர் அவற்றைக் கூட்டி வாசிக்கவும் முதலில் பழக்குகிறார்கள். 'கெ', 'கே' போன்றவற்றில் கொம்பு முன்னே எழுதப்பட்டாலும் அதன் உயிரொலி மெய்யொலிக்குப் பின்னே வருவதால் என் மகள் தடுமாறியபோது, ஆசிரியை அவளை அவசரப்படுத்தாமல் அங்கேயே நின்று சொல்லித் தந்தார். கொடுத்த கட்டணத்துக்கு அது ஒன்றே தகும். டிஸ்லெக்ஸியா அறிவுக் குறைவால் வருவதன்று, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள சிரமமே என்பதைப் பெற்றோருக்கும் (நம்மில் பலர் 'சோம்பேறி' என்றே முடித்துவிடுகிறோம்) பொறுமையாக விளக்குகிறார்கள். ஆயினும் வகுப்பில் கூட்டம் அதிகம் என்பதால், அத்தகைய சிரமம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் தனிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதே நல்லது.