பதின்மூன்று வருஷமாக ஓடும் எங்கள் வீட்டு கிரைண்டர்

2012 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கியது இந்த கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்தது. 2 லிட்டர், 150 வாட், உருளைக் கல் இரண்டு. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து சமையலறை மேடையில் அதே மூலைதான் அதற்கு இடம். வாரம் இரண்டு முறை மாவு ஆட்டுவேன். வெளியூர் போன நாள்களைக் கழித்தாலும் 1,200 தடவைக்குக் குறையாது. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 900 மணி நேரம் ஓடியிருக்கிறது. மோட்டாரை இன்றுவரை மாற்றவில்லை.

அதற்கு முன்பு மிக்ஸியில்தான் அரைத்தேன். மிக்ஸி வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடாகிவிடும். பினாங்கு வெயிலுக்கு அந்தச் சூடும் சேர்ந்தால் மாவு சீக்கிரம் புளித்துப்போகும், இட்லி தட்டையாக வரும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தும் பார்த்தேன். உளுந்து பொங்கவே இல்லை. கிரைண்டரில் கல் மெதுவாக உருள்வதால் உளுந்து காற்றைப் பிடித்துக்கொண்டு நுரைத்து வரும். தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து 25 நிமிடம் ஆட்டிவிட்டு, ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். கெடாவில் தோட்டத்தில் ஆட்டுக்கல்லோடு வளர்ந்தவர் என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா. முதல் நாள் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா மாவு" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

கல்லைப் பொறுத்தவரை எனக்குக் குறையே கிடையாது. புதிதில் ஊறவைத்த பழைய அரிசியைப் போட்டு மூன்று முறை ஆட்டிக் கொட்டினேன், கல்தூள் போவதற்காக. இப்போது கை வைத்தால் கொஞ்சம் வழவழப்பு தெரிகிறது. அரிசிக்கு முன்பு 20 நிமிடம், இப்போது 25. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் போனது பெல்ட். 2016 தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக ஈப்போவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பதினோரு பேர் வீட்டில். பாதி உளுந்தோடு டிரம் நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மீதியை மிக்ஸியில் அரைத்து எப்படியோ சமாளித்தோம். அப்புறம் ஒரு கடையில் கேட்டால், "பெல்ட் எல்லாம் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. கல், மோட்டார், டிரம் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு ரப்பர் வளையத்துக்காக முழு கிரைண்டரையும் தூக்கிப் போடுவதா? தையல் மெஷின் பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவர் அறுந்த பெல்ட்டை அளந்து, ஏறக்குறைய அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்தார். 18 வெள்ளி (ரிங்கிட்). அது ஐந்து வருஷம் ஓடியது.

அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்: வாங்கிய அன்றே அடிமூடியைக் கழற்றி, பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். சில வருஷத்தில் அந்த எழுத்து தேய்ந்து அழிந்துவிடும். கடையில் வாட் எவ்வளவு, கல் எத்தனை என்று கேட்பதைவிட, "இதுக்கு பெல்ட் வெச்சிருக்கீங்களா? எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

2019இல் சுவிட்சைப் போட்டால் 'உம்ம்' என்று உறுமல் மட்டும் வந்தது, சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர்தான் வலுவிழந்திருந்தது. அப்படி உறுமினால் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சுற்றாமல் அப்படியே விட்டால்தான் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரியும். மாற்றக் கூலியோடு 35 வெள்ளி ஆனது.

தண்ணீர் விஷயத்தில் தவறு என்னுடையது. டிரம்மைக் கழற்றாமல் அப்படியே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுத்தண்டு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கி பேரிங் துருப்பிடித்து, கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தது. பினாங்கில் கடல் காற்றுக்கு உள்ளே போன ஈரம் லேசில் காயாது. பேரிங் மாற்றியதிலிருந்து டிரம்மைத் தனியாக எடுத்துக் கழுவி, துடைத்து, ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைக்கிறேன். ஆறு வருஷமாக அந்தச் சத்தம் இல்லை.

இந்தியாவுக்குப் போகும்போது வாங்கி வரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. உருண்டைப் பின்னை வெட்டிவிட்டு, சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ள மூன்று செவ்வகப் பின் பிளக் போட்டால் சரி. உள்ளே 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் கல்லின் எடையே பயணப் பெட்டி எடைக் கணக்கில் நிறையத் தின்றுவிடும். நான் இங்கேயே வாங்கச் சொல்வேன்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அடியில் துண்டு மடித்துப் போட்டால் அதிர்வு அடங்காது, தடித்த ரப்பர் விரிப்புதான் சரி. கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி தொடக்கத்தில் இடி இடிக்கிறதா என்று மேலே பார்ப்பாராம். விரிப்புப் போட்ட பிறகு சத்தமே இல்லை என்றார். இப்போது சீனப் புத்தாண்டு வந்தால் பலகாரத்துக்கு ஊறவைத்த அரிசியை என்னிடம்தான் கொண்டு வருகிறார்.

மாவு பொங்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்கு வைத்தால் விடிகாலை ஐந்துக்குள் பொங்கிவிடும், தாமதித்தால் பாத்திரத்தைத் தாண்டி வழியும். கேமரன் மலையில் இருக்கும் அக்கா வீட்டில் அதே மாவு மறுநாள் மதியம்வரை எழும்பாது.

இப்போது ஒரு உருளைக்கல்லின் உட்புறப் புஷ் (தண்டைச் சுற்றி இருக்கும் வளையம்) தேய்ந்து லேசாக ஆடுகிறது. மாவில் கறுப்பாக எதுவும் கலக்கவில்லை, அதனால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோவையிலிருந்து வரும் தம்பியிடம் ஒரு ஜோடி புஷ் சொல்லியிருக்கிறேன். மேசை இழுப்பறையில் பெல்ட் இரண்டு கைவசம் இருக்கிறது.