எழுத உட்கார ஒரு துணை: இணைய எழுத்து அறையில் ஆறு மாதம்

வீட்டிலிருந்து வேலை செய்யும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் என்றே நடக்கிற ஒரு இணைய எழுத்து அறையில் ஆறு மாதச் சந்தா கட்டியிருந்தேன், இந்த வாரத்தோடு முடிகிறது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. வீடியோ அழைப்பில் குறித்த நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், இன்று என்ன எழுதப்போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்வோம், அப்புறம் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு 50 நிமிடம் அவரவர் வேலையைப் பார்ப்போம். மணி அடிக்கும், 10 நிமிட இடைவேளை, மறுபடி 50 நிமிடம், கடைசியில் எதுவரை வந்தோம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். இதற்கா பணம் கட்டுவது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, முதல் வாரம் இலவசம் என்பதால்தான் உள்ளே போனேன்.

அப்போது என் நிலைமை நன்றாக இல்லை. வகுப்பு, துறைக் கூட்டம், முனைவர் பட்ட மாணவர்களோடு பேசுவது, விடைத்தாள் திருத்துவது எல்லாமே ஒரே நாற்காலியில் நடந்தது, இரவு பதினொரு மணிக்கு மாணவர் மின்னஞ்சல் அனுப்பினால் படுக்கையில் இருந்தபடியே பதில் எழுதிவிடுவேன், காலையில் எழுந்தால் ஏற்கெனவே களைத்திருப்பேன். வகுப்புக்கு நேரம் இருக்கிறது, மதிப்பெண் அனுப்பக் கடைசி நாள் இருக்கிறது, கூட்டத்துக்கு அழைப்பு வருகிறது. ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் யாரும் நாள் குறிப்பதில்லை, அதனால் முதலில் தள்ளிப்போவது அதுதான், ஆனால் பதவி உயர்வுக்கு முதலில் கேட்பதும் அதைத்தான். திருத்தி அனுப்புங்கள் என்று ஆய்விதழிலிருந்து திரும்பி வந்த ஒரு கட்டுரையைப் பல மாதம் திறக்கவே இல்லை. வளாகத்தில் இருந்தபோது வகுப்பு முடிந்து துறைக்கு நடக்கும் வழியில் யாராவது "அந்தக் கட்டுரை என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் என்னை இவ்வளவு பாதித்தது என்று இந்த அறைக்கு வந்த பிறகே புரிந்தது.

முதல் நாள் "முன்னுரையைத் திருத்தப்போகிறேன்" என்று சொன்னேன். அறையை நடத்துபவர், அவரும் முன்பு ஆசிரியராக இருந்தவர், "முன்னுரையில் எந்தப் பத்தி?" என்று கேட்டார். இரண்டாவது பத்தி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், மணி அடிக்கும்போது முடிந்திருந்தது. பொமோடோரோ முறையில் 25 நிமிடக் கடிகாரம் வைத்து நான் முன்பே முயன்றதுண்டு. கட்டுரைக்கு அது எனக்குப் போதவில்லை, பழைய தரவுக்குள் மனம் நுழையவே பதினைந்து நிமிடம் ஆகிவிடும். 50 சரியாக இருக்கிறது, மௌனமாக இருந்தாலும் பக்கத்தில் ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கடிகாரத்தால் தர முடியாத ஒன்று.

நாள் முழுக்கத் திரையில் வகுப்பெடுத்துவிட்டு இன்னொரு வீடியோ அறையா என்ற பயம் நியாயமானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெயிலன்சன் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில் வீடியோ கூட்டக் களைப்புக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறார்: மற்றவர் முகங்கள் மிக அருகில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது. இந்த அறையில் இவற்றைக் கவனித்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் யாரும் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, நம் படத்தை நம் திரையில் மறைத்துக்கொள்ள முதல் நாளே சொல்லித்தருகிறார்கள், கேமராவை முகத்துக்குப் பதில் மேசையை நோக்கி வைக்கலாம், இடைவேளையில் எழுந்து நடக்கச் சொல்லி அறையையே காலி செய்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், மேசையில் மாணவர் பெயரோடு விடைத்தாள் இருந்தால் அது கேமராவில் தெரியாதபடி வையுங்கள்.

குறைகள் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரம் எத்தனை மணி நேரம் எழுதினோம் என்று கணக்கு அனுப்புகிறார்கள். தேர்வு வாரத்தில் எனக்கு பூஜ்யம் வந்தது. அந்த வாரம் முழுக்க விடைத்தாள் திருத்தி முதுகு ஒடிந்திருந்த நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. எழுதிச் சொன்னேன், மறுநாளே நிறுத்திவிட்டார்கள், அது நல்லது, ஆனால் ஏற்கெனவே சோர்ந்திருப்பவர்கள் வருகிற இடத்தில் கேட்பவருக்கு மட்டும்தான் கணக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் இரவு அறை. பல நாட்டுக்காரர்கள் வருவதால் அந்த நேரம் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது, இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் முழுதாகச் சோர்ந்து தீர்ந்துபோகும் நிலையை, வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. பணியிடம் ஐந்து பாடமும் மூன்று குழுப் பொறுப்பும் தலையில் வைத்தால் எந்த எழுத்து அறையும் அதைக் குறைக்காது, அதைத் துறையில்தான் பேச வேண்டும், நான் பேசினேன், ஒரு குழுப் பொறுப்பு குறைந்தது. ஒரு நாள் இடைவேளையில் ஓர் ஆய்வு மாணவி உடைந்து அழுதபோது, நடத்துபவர் அவரைத் தனி அறைக்கு அழைத்துப் பேசி, இது நாங்கள் கையாளக்கூடியது இல்லை, உளவியல் ஆலோசகரைப் பாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, எப்போது இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்றே தெரியாதவர்களுக்கு இந்தக் குறித்த நேர முறை ஒத்துவராது, அவர்கள் நண்பர் ஒருவரோடு முடிந்தபோது இப்படி உட்காரலாம், பணமும் வேண்டாம். தனியாக இருந்து கட்டுரை நகராமல் தவிப்பவர்கள் அந்த இலவச வாரத்தைக் கட்டாயம் முயன்று பாருங்கள். என் கட்டுரை போன மாதம் ஆய்விதழுக்குத் திரும்பிப் போய்விட்டது. சந்தாவை நீட்டிக்கிறேன், காலை அறைக்கு மட்டும், வாரம் மூன்று நாள்.