செட்டிநாட்டுத் தேக்கா, பனங்கையா, படகுப் பலகையா? ராமநாதபுரம் கடலோரத்தில் இடிப்பு சாமான் வாங்க ஓர் அலசல்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி வீடு கட்டுகிற பலருக்கும் இப்போது இந்த யோசனை வருகிறது: புது மரம் விலை கட்டுப்படியாகவில்லை, இடிப்பு சாமான் வாங்கினால் என்ன? தாராளமாக வாங்கலாம். ஆனால் பழைய மரம் என்று பொதுவாகச் சொல்வதில் இங்கே மூன்று தினுசு உண்டு. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வீடுகளைப் பிரித்து வரும் பர்மாத் தேக்கு. நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் கிடைக்கும் பனங்கை (பனைமரத்தைப் பிளந்து செதுக்கிய கூரைச் சட்டம்), வேம்பு, வாகை. அப்புறம், ஓட்டம் ஓய்ந்து கரையேறிய படகுகளின் பலகை. இவற்றுக்குப் போட்டியாக நிற்பது மரக்கடையில் புதிதாக அறுத்துத் தரும் மரம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வருஷம் நின்ற பொருள் என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். உப்புக்காற்றில் நின்ற மரத்தை நம்பலாம். உப்புக்காற்றில் நின்ற செங்கல்லையும் இரும்பையும் நம்பக் கூடாது. விற்பவர்கள் பேசுவதெல்லாம் வயதைப் பற்றித்தான். நூறு வருஷம், நூற்றைம்பது வருஷம் என்பார்கள். அந்தக் கணக்கால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

செட்டிநாட்டுத் தேக்கு

நிலை, கதவு, ஜன்னலுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து வந்தது காட்டில் மெதுவாக வளர்ந்து முற்றிய மரம். தேக்கின் வைரப் பகுதியில், அதாவது நடுவில் முற்றிய மரத்தில், இயற்கையாகவே எண்ணெயும், கறையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன் என்ற பொருளும் இருக்கின்றன. இன்று தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டும் தேக்கில் வெளிப்பக்கத்து வெள்ளை அதிகம், வைரம் குறைவு. அந்த வெள்ளையைக் கறையானும் தின்னும், உளுவும் துளைக்கும். தேக்கு என்ற பேரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதோடு, வெயிலும் மழையும் பல பத்தாண்டுகள் பார்த்த மரம் இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. மார்கழியில் கதவு இறுகி, சித்திரையில் இடைவெளி விடுகிற தொல்லை பெரும்பாலும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. அந்த வீடுகளின் நிலைகள் தடித்த சுவருக்குச் செய்தவை. நம் ஒன்பது அங்குலச் சுவரில் வைத்தால் வெளியே பிதுங்கி நிற்கும். பல கதவுகள் உயரம் குறைவு, வாசற்படி உயரம் அதிகம். சரி, அறுத்துச் சின்னதாக்கிக்கொள்ளலாம் என்றால், அங்கேதான் கணக்கு மாறுகிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏழடிக்கு மூன்றரையடி நிலை. நான்கு பக்கமும் 4க்கு 3 அங்குலச் சட்டம். மொத்த நீளம் 21 அடி. 21-ஐ 12-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 1.75 கன அடி. புது மரத்தில் இழைப்புச் சேதத்துக்குக் கொஞ்சம் கூட்டி வாங்கினால் போதும். பழைய மரத்தில் அப்படி முடியாது. பழைய கழுந்துத் துளை, ஆணித் துளை, கீல் வெட்டு, தரைக்குள் புதைந்திருந்த நிலைக்காலின் அடிப்பகுதி எல்லாம் கழிவில் போகும். நான்கு கன அடி வாங்கி மூன்றுதான் தேறினால், கடைக்காரர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று பொருள். இதற்கு மேல் அறுவைக் கூலி. பழைய மரம் என்றாலே மில்காரர் முகம் சுளிப்பார். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், வாள் பல் போய்விடும். ஆணி பிடுங்கித்தான் அறுக்கிறேன் என்று உங்கள் ஆசாரி பொறுப்பேற்றால் ஒழிய மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதனால் அளவுக்கு மரம் தேடாதீர்கள். கிடைக்கிற நிலையின் அளவுக்குச் சுவரில் வாசல் விடுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார். ஆனாலும் கதவு நிலையை முதலில் வாங்கி, அளவெடுத்து, பிறகு கட்டுவேலையைத் தொடங்குகிறவருக்குத்தான் இந்த வியாபாரத்தில் லாபம். பாதிச் சுவர் எழும்பிய பிறகு பழைய சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர், கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்கிவிட்டு வருவார்.

வாங்கும்போது நிலையின் கால் பக்கம் ஓரடியைக் கட்டாயம் பாருங்கள். கறையான் ஏறுவது அங்கிருந்துதான். ஒரு கூரான ஆணியால் குத்திப் பார்த்தால் மரம் சொல்லிவிடும். பெயின்ட் அடித்த மரம் என்றால் கண்ணில் படாத ஒரு மூலையைச் சுரண்டச் சொல்லுங்கள். சாயம் ஏற்றிய புது மரமும் பர்மா என்ற பேரில் விலைபோகிறது. வெட்டிய இடத்தில் தேக்கு வாசனை வர வேண்டும், நிறம் உள்ளேயும் ஓட வேண்டும்.

இன்னொன்று, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். எனவே பழைய கதவை உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். நனைத்துத் தேய்க்கலாம், அல்லது பெயின்ட் உரிக்கும் மருந்து போடலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டு முற்றத்தில் வைத்து இந்த வேலை கூடவே கூடாது.

பனங்கை

கூரைக்கு என் ஓட்டு இதற்குத்தான், தேக்கைவிடவும். ராமநாதபுரத்துக்காரன் பனையை விட்டுக்கொடுக்க மாட்டான் என்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்மைதான். ஆனால் காரணம் இருக்கிறது. பனையில் வைரம் வெளிப்பக்கம். நடுவில் இருப்பது வெறும் சோறு. முற்றிய மரத்தைப் பிளந்து, சோற்றை எடுத்துவிட்டுச் செதுக்கினால் கிடைக்கும் கறுப்பு நார்ச் சட்டம், ஓட்டுப் பாரத்தையும் உப்புக்காற்றையும் தலைமுறைக் கணக்கில் தாங்கும். கடலோரத்தில் நின்ற வீட்டில் இருந்து வந்தாலும் பரவாயில்லை. மழை ஒழுகாத வீடாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவே. சுவருக்குள் சொருகியிருந்த முனை மட்டும் இற்றுப்போயிருக்கலாம். அரையடி வெட்டி எறிந்துவிட்டு நீளத்தை எண்ணுங்கள்.

புதுப் பனைக்கும் பழைய பனங்கைக்கும் இன்று சரிசமமான போட்டியே இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மாநில மரம், வெட்டாமல் இருப்பதே நல்லது. ஆகவே வைரம் பாய்ந்த பனங்கை வேண்டும் என்றால் பழைய வீடுதான் வழி. ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிற பலர் இதை விறகுக்குப் போடுகிறார்கள். பார்க்கவே வயிறெரிகிறது.

வேலை செய்வதில் பனை அடம்பிடிக்கும். ஆணி நேராக இறங்காது, முதலில் துளைபோட வேண்டும். இழைப்புளியில் சிலும்பும்; சிலாம்பு கையில் ஏறினால் லேசில் வராது. கதவு, ஜன்னலுக்கு இதை யோசிக்கவே வேண்டாம். பனங்கை ஏற்றத் தெரிந்த ஆசாரி கிடைப்பதும் குறைந்து வருகிறது. ஆளைப் பேசி முடித்துவிட்டு மரத்தை வாங்குங்கள்.

உள்ளூர் வீடுகளில் கிடைக்கும் வேம்பும் வாகையும் நடுத்தரம். உள்கதவு, அலமாரிச் சட்டத்துக்குப் போதும். பழைய வேம்பு, புது வேம்பைவிட நல்லது. புதிது சரியாகக் காயாமல் வந்து முறுக்கிக்கொள்ளும்.

படகுப் பலகை

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் உடைத்த படகுப் பலகை மலிவாகக் கிடைக்கும். பார்க்க அழகு. விடுதிகளில் மேசை, பெஞ்சு, சுவர் அலங்காரம் என்று இதைத்தான் தேடுகிறார்கள். வீட்டுக் கட்டுமானத்துக்கு? வேண்டாம் என்பேன்.

பலகை வளைந்திருக்கும், நேராக ஏழடி எடுப்பது கஷ்டம். அடியில் ஓடும் ஏராக்கட்டை மட்டும் நேராகக் கிடைக்கும், ஆனால் அதில்தான் கடல்புழுத் துளை அதிகம். எஞ்சின் இருந்த பக்கத்து மரம் டீசலும் ஆயிலும் குடித்திருக்கும், பசையும் வார்னிஷும் பிடிக்காது. ஃபைபர் போர்த்திய மரமாக இருந்தால் உள்ளே ஈரம் அடைபட்டு மக்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடித்த ஆணியும் மாட்டிய கீலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் பெயின்ட்டில் சிப்பி ஒட்டாமல் இருக்க நஞ்சு கலப்பார்கள் என்பதால், அந்தப் பலகையை அடுப்பெரிக்கவும் கூடாது, சாப்பாட்டு மேசைக்கும் எடுக்கக் கூடாது.

மேல்தளப் பலகை என்றால் வேறு கதை. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மாற்றி மாற்றி அலசி, நிழலில் காயவிட்டால் திண்ணைப் பெஞ்சுக்கு அருமையாக வரும்.

கீல், கம்பி, செங்கல், ஓடு

மரம் எதுவானாலும் இரும்புச் சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள். துரு ஏறும் வேகத்துக்குப் பேர்போன கரை இது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கிளை வைத்து உலோக அரிப்பை ஆராய்ந்ததும் அதனால்தான். பழைய வீட்டுப் பித்தளைக் கீலும் தாழ்ப்பாளும் கிடைத்தால் கதவோடு சேர்த்துப் பேசி வாங்கிவிடுங்கள். புதிதாக வாங்கினால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வழக்கமாகத் தரும் 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். இடிப்புக் கம்பியை நிமிர்த்தி விற்பார்கள். அதைக் கான்கிரீட்டில் போடுவது வீட்டுக்குள் நோயைக் குடிவைப்பதற்குச் சமம்.

செங்கல்லில் இரண்டு கேள்வி. எந்த ஊர்? எந்தக் காரை? சுண்ணாம்புக் காரையில் கட்டிய கல் தட்டினால் முழுசாகக் கழன்று வரும். சிமெண்டில் கட்டியது உடைந்துதான் வரும், மூலை தேறாது. ஊர் விஷயத்தில், கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க் கல்லா என்று உறுதிப்படுத்துங்கள். கடற்கரைச் சுவரில் இருந்த கல் உப்பை உறிஞ்சி வைத்திருக்கும். புதுச் சுவரில் வைத்த பின், ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு வெளியே பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். சோதிப்பது சுலபம்: தட்டில் ஓர் அங்குலம் நல்ல தண்ணீர் ஊற்றிச் செங்கல்லை நிறுத்திவையுங்கள். தண்ணீரை உறிஞ்சிக் காய்ந்த பின் வெள்ளை பூத்தால் அந்தக் குவியலே வேண்டாம்.

சிலர் கடல் கல் தருகிறேன் என்பார்கள். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின்னும் நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பவளக் கல் தெரியும். உறுதியில் குறையில்லை. ஆனால் 2001 முதல் பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. பழைய வீட்டில் எடுத்ததா, மன்னார் வளைகுடாவில் நேற்று உடைத்ததா என்று லாரியை நிறுத்துகிறவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் சொந்தப் பழைய வீட்டுக் கல் என்றாலும், வனத்துறையிடம் கேட்காமல் இடம் மாற்ற வேண்டாம்.

சீமை ஓடு பழசே வாங்கலாம். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; பாசி பிரச்சினை இல்லை, தேய்த்தால் போகும். பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள், ஏற்றி இறக்குவதில் உடையும். ஒரே கம்பெனி முத்திரை உள்ள ஓடுகளாகப் பொறுக்குவதும் முக்கியம். கம்பெனி மாறினால் விளிம்பு ஒன்றோடொன்று பொருந்தாமல் மழைத் தண்ணீர் உள்ளே வரும். கடலைப் பார்த்த சரிவில் ஓடுகளைக் கம்பியால் கட்டிவிடச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யாராவது இலவசமாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

வாங்குகிற காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பிரித்த மரம் திறந்த வெளியில் நனைந்துகொண்டு கிடக்கும். எது காய்ந்தது, எது இற்றது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனி, ஆடியில் போய்ப் பார்த்து, மரத்தைத் தட்டி, பில் எழுதி வாங்கி, அதே லாரியில் ஏறி வந்துவிடுங்கள். முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், நீங்கள் பொறுக்கி வைத்த நிலை வருமா அதன் தம்பி வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.