முனகும் விசிறி: ரெகுலேட்டரை மாற்றுவதா, டிசி விசிறி வாங்குவதா?

எங்கள் வீவக வீட்டுப் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) படுக்கையறையில் விசிறியை ஒன்றாம் வேகத்தில் வைத்தால் ‘ம்ம்ம்’ என்று முனகும், மகள் புரண்டுகொண்டே இருப்பாள். முதலில் இறக்கைத் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். அப்புறமும் முனகினால் இரண்டு வழி: ரெகுலேட்டரைக் கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றுவது, அல்லது டிசி (நேர்மின்னோட்ட) மோட்டார் வைத்த விசிறி வாங்குவது.

சத்தம்: குமிழ் வைத்த பழைய மின்னணு ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, மோட்டார் அதனால்தான் முனகுகிறது. கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் அலையை வெட்டாமல் மின்னழுத்தத்தைக் குறைப்பதால் முனகல் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் பேரிங் (மோட்டார் சுழலத் தாங்கும் குண்டு வளையம்) தேய்ந்து கரகரத்தால் அதனால் பயனில்லை. டிசி விசிறியில் இந்த முனகல் மிகக் குறைவு.

வேகம்: கெப்பாசிட்டரில் நான்கைந்து படிதான். டிசி விசிறி, இறக்கையை எண்ணும் அளவுக்கு மெதுவாகச் சுற்றும்.

செலவு: ரெகுலேட்டர் மலிவு. டிசிக்குச் சில நூறு வெள்ளி, மின்சாரம் மட்டும் பாதியளவு.

பழுது: டிசியின் சர்க்யூட் பலகை போனால் அதே மாடலின் பாகத்தைத் தேட வேண்டும்.

வாடகை வீடு, விசிறியும் நன்றாகச் சுற்றுகிறது என்றால் கெப்பாசிட்டரே போதும். பேரிங் போனது, கைக்குழந்தை தூங்கும் அறை என்றால் யோசிக்காமல் டிசி வாங்குங்கள், சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு. எதுவானாலும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.