அட்டைச் சந்தைப் பயிற்சி: பொருளியல் ஆசிரியர்களுக்கு எந்த அளவு உதவுகிறது?

பொருளியலை முதன்மைப் பாடமாகப் படிக்காமல் அதைக் கற்பிக்க நேர்ந்த ஆசிரியர்கூடத் தேவை, அளிப்புக் கோடுகளை வரைந்துவிடுவார். கோடுகள் வெட்டும் இடத்துக்கு விலை ஏன் வந்து சேர வேண்டும் என்று மாணவர் கேட்கும்போதுதான் திணறல். அந்தக் கேள்விக்கு விடை காட்டுவதில், ஆசிரியர்களே அட்டைகளை வைத்துக்கொண்டு வாங்குவோராகவும் விற்போராகவும் பேரம் பேசிப் பார்க்கும் இந்தப் பயிற்சிக்கு நிகரில்லை.

இருபது பேர், இருபது அட்டைகள், ஒரு கரும்பலகை, இரண்டு மணி நேரம் போதும். வாங்குவோர் பத்துப் பேரின் அட்டைகளில் 20, 18, 16 எனத் தொடங்கி 2 வரை மதிப்புகள். அதற்கு மேல் கொடுத்தால் நட்டம். விற்போர் பத்துப் பேருக்கு 2 முதல் 20 வரை செலவுகள். ஆளுக்கு ஒரே ஒரு பொருள். கணக்குப்படி ஐந்து பேரங்கள் முடிய வேண்டும்; விலை 10-க்கும் 12-க்கும் நடுவில் நிற்க வேண்டும்; மொத்த உபரி, அதாவது முடிந்த பேரங்களில் வாங்குவோர் மதிப்புக்கும் விற்போர் செலவுக்கும் உள்ள வித்தியாசங்களின் கூட்டுத்தொகை, 50. ஐந்து நிமிடச் சுற்றுகளாக நடத்தினால் முதல் சுற்றில் விலை சிதறும், மூன்றாவது நான்காவது சுற்றுக்குள் பெரும்பாலும் ஒடுங்கிவிடும்.

ஒடுங்காவிட்டால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். 1948-இல் பொருளியலாளர் எட்வர்டு சேம்பர்லின் வெளியிட்ட வகுப்பறைச் சோதனையில் தனித்தனியாகப் பேரம் பேசியதால் விலை சமநிலைக்கு, அதாவது கோடுகள் வெட்டும் இடத்துக்கு, வரவில்லை. கேட்பு விலைகளை எல்லோர் காதிலும் விழச் சொல்லவைத்து, அதே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்தியவர் வெர்னான் ஸ்மித். 1962-இல் முடிவுகளை வெளியிட்டார், 2002-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே மூலையில் குசுகுசுப்பதை அனுமதிக்கும் பயிற்றுநர் பாதிப் பாடத்தை இழக்கிறார். செலவையே விற்பனை விலை என்று நினைத்து விற்பவரும் இருப்பார். முடிந்த பேரத்தின் இரண்டு அட்டைகளையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே பலகையில் எழுத வேண்டும். நட்டத்துக்கு ஒருவர் விற்றாலே ஆறாவது பேரம் நுழைந்து கணக்கைக் குலைக்கும்.

பயிற்சியின் உச்சம் வரிச் சுற்று. விற்போர் மீது 4 புள்ளி வரி போட்டால் பேரங்கள் நான்காகக் குறையும். வாங்குவோர் 12 முதல் 14 வரை கொடுப்பார்கள், விற்போர் கையில் 8 முதல் 10 வரை நிற்கும். அடுத்த சுற்றில் அதே வரியை வாங்குவோர் மீது மாற்றிப் போடுங்கள்: கையில் நிற்பதும் கொடுப்பதும் அதே எல்லைக்குள்தான். வரியைக் கட்டுபவரே சுமப்பவர் என்ற தவறான எண்ணத்தைச் சொற்பொழிவைவிட இந்தச் சுற்று நன்றாகக் கலைக்கிறது. ஆனால் சுற்றுக்கு முன்பே ஒவ்வொருவரும் தம் கணிப்பை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், "எனக்கு முன்பே தெரியும்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

குறைகளும் உண்டு. விலை உச்சவரம்பை 7 என வைத்தால் மூன்று பேர் விற்க, ஏழு பேர் வாங்க நிற்பார்கள். இதைக் கண்டு உச்சவரம்பு என்றாலே தட்டுப்பாடுதான் என்ற முடிவுடன் ஆசிரியர்கள் போய்விடுவது ஆபத்து. முற்றுரிமையாளர் ஒருவரே விற்கும் இடத்தில் அளவான உச்சவரம்பு விற்பனையைக் கூட்டவும் செய்யும். பணவீக்கம், நாட்டு வருமானம் ஆகியவற்றுக்கு இந்த அட்டைகள் உதவா.

விளையாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், மீதி முழுவதும் கலந்துரையாடலுக்கு என்று ஒதுக்கும் பயிற்சியையே தேர்ந்தெடுங்கள். சேரும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நாற்பது மாணவர் வகுப்புக்கான அட்டைக் கணக்கும் தருவார்களா? ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு சுற்றையாவது தாமே நடத்திப் பார்க்க இடமுண்டா? இரண்டாவதற்கு இல்லை என்றால் வேறு பயிற்சியைப் பாருங்கள்.