லோவெல் பூட் பஞ்சாலை அருங்காட்சியகம்: 88 தறிகள் நிற்கும் கூடம்

பூட் பஞ்சாலையின் நெசவுக்கூடத்துக்குள் நுழையும் முன் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான்கள் கொடுக்கிறார்கள்; அவற்றை மறுக்காமல் வாங்கிக்கொள்வது நல்லது. உள்ளே 88 விசைத்தறிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு நேரத்தில் சிலவற்றை மட்டுமே ஓட்டுகிறார்கள் என்றாலும், குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா, நெடுக்கு நூல்களான பாவுக்குள் பாய்ந்து திரும்பும் ஓசையில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சு கேட்பதில்லை. தரையின் அதிர்வு கால் வழியாக மேலே ஏறுகிறது. தறிச்சத்தம் உள்ள தெருவில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஓசைதான். ஆனால் மலையடிவாரப் பண்ணை வீட்டிலிருந்து கிளம்பி வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த விளக்கப் பலகையும் இவ்வளவு விரைவாகப் புரியவைத்துவிடாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் சென்றடையக்கூடிய லோவெல் நகரில் இந்த அருங்காட்சியகம் உள்ளது. 1835இல் நிறுவப்பட்ட ஆலையின் கட்டடம், 1978இல் உருவாக்கப்பட்ட தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதியாக இன்று பராமரிக்கப்படுகிறது. ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இப்போது ஓடும் தறிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, 1830களுக்கு உரியவை அல்ல. காற்றும் அன்றைய காற்று அல்ல. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும் என்பதற்காக அன்று சன்னல்களை மூடியே வைத்தார்கள். பஞ்சுத் தூசியும் விளக்குகளின் எண்ணெய்ப் புகையும் நிறைந்த அந்தக் கூடத்தில் வாரத்துக்குச் சுமார் 73 மணி நேரம் வேலை நடந்தது. நாம் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம்.

இந்த நகரம் உருவான கதையை நான் ஓரளவு அறிந்திருந்தும், அங்கே நின்று அதை மீண்டும் கோர்த்துப் பார்த்தபோது சில இடங்கள் புதிதாகத் தெரிந்தன. பிரான்சிஸ் கேபட் லோவெல் என்னும் பாஸ்டன் வணிகர் பிரிட்டனுக்குச் சென்று ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு 1812இல் திரும்பினார். வால்தம் என்னும் ஊரில், பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும் ஆலையைத் தம் கூட்டாளிகளுடன் நிறுவினார். 1816ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்துக்காக அவர் வாஷிங்டனில் வாதாடியது நமக்கும் தொடர்புடைய செய்தி. எவ்வளவு மலிவான பருத்தித் துணியாக இருந்தாலும் சதுர கெஜம் 25 சென்ட் என்று மதிப்பிட்டு வரி விதிக்க அந்தச் சட்டம் வழிசெய்ததால், அதுவரை அமெரிக்கச் சந்தையில் தாராளமாக விற்ற இந்திய முரட்டுத் துணி விலை ஏறி வெளியேறியது. அதற்கு முன் அதே இந்தியத் துணியை இறக்குமதி செய்து லாபம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கலாம். அவர் 1817இல் இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஊர் 1826இல் உருவாயிற்று, 1836இல் நகரமாயிற்று, 1850க்குள் 33,000 பேர் வாழும் இடமாகிவிட்டது.

நெசவுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும், அருகிலேயே உள்ள தங்கும் விடுதிக் கட்டடத்துக்குச் செல்லுங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை. பலரும் தறிகளைப் படம் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்; அது பாதிப் பயணம். ஆலைப் பெண்கள் உண்டு உறங்கிய வாழ்க்கையை அங்கே காட்சிப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே அறையில் பலர், ஒரு கட்டிலுக்கு இருவர், இரவு பத்து மணிக்குக் கதவு அடைப்பு. அந்நாளைய ஆலைகளின் மணி அட்டவணை ஒன்று 1853இலிருந்து எஞ்சியிருக்கிறது. அதில் முதல் மணி காலை 4:30க்கு. மதிய உணவுக்கு அரை மணி அல்லது முக்கால் மணி. அதற்குள் ஆலையிலிருந்து விடுதிக்கு நடந்து, உண்டு, திரும்ப நடந்து வந்தாக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே, கைக்கு ரொக்கக் கூலி வந்தது. தந்தையின் பண்ணையில் கிடைக்காதது அது. அந்தப் பணத்தின் ருசியும் அந்த மணியின் கொடுமையும் ஒரே வீட்டில் இருந்தன.

1833இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் லோவெலுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான ஆலைப் பெண்கள் வெள்ளை உடையில் அணிவகுத்து அவரை வரவேற்றார்கள். சொத்து இல்லாத வெள்ளை ஆண்களுக்கும் வாக்குரிமை பரவிக்கொண்டிருந்த காலம். அந்த ஊர்வலத்தில் நடந்த ஒருத்திக்குக்கூட வாக்கு இல்லை. மறு ஆண்டே கூலியைக் குறைக்க முனைந்தபோது சுமார் 800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். தங்களைச் சுதந்திர மனிதர்களின் மகள்கள் என்று அவர்கள் அழைத்துக்கொண்டது வெறும் அலங்காரச் சொல் அல்ல: 1776இல் போரிட்டவர்களின் பேத்திகள் அவர்கள். 1836இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது இன்னும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1845இல் ஆலைத் தொழிலாளி சாரா பேக்லி தலைமையில் பத்து மணி நேர வேலைநாள் கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு போயிற்று. விசாரித்த குழு, இது சட்டம் செய்யும் விஷயமல்ல என்று கைகழுவியது. மாசசூசெட்ஸில் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வர 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கூடத்தின் முகங்களே மாறிவிட்டன. 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பஞ்சத்துக்குப் பின் வந்த ஐரிஷ் குடியேறிகள் அந்தத் தறிகளை ஓட்டினார்கள். அவர்களுக்கு முன்பே, 1822இல் கால்வாய்களை வெட்டியவர்களும் ஐரிஷ் தொழிலாளர்களே.

இங்கு வருபவர் எந்தக் காட்சிக்கு முன் நின்றாலும் விடாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது? சாக்டா மக்களும் பிற பூர்வகுடிகளும் வெளியேற்றப்பட்ட மிசிசிப்பி, அலபாமா நிலங்களில், விர்ஜீனியா போன்ற மேல் தெற்கு மாநிலங்களிலிருந்து விற்கப்பட்டும் ஓட்டிச் செல்லப்பட்டும் வந்த அடிமைகள் பறித்த பஞ்சு அது. 1790இல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39 லட்சத்தைக் கடந்தார்கள். வட்டம் அங்கே முடியவில்லை. லோவெலில் நெய்த மலிவான முரட்டுத் துணி அடிமைகளுக்கு உடுப்பாகத் தெற்குக்கே திரும்பிப் போயிற்று. அங்கே அந்தத் துணிக்கு ‘லோவெல்’ என்றே பெயர். தறியின் பிரபுக்களும் சவுக்கின் பிரபுக்களும் கைகோத்திருக்கிறார்கள் என்று அடிமைமுறை எதிர்ப்பாளர் சார்ல்ஸ் சம்னர் 1848இல் சாடியது இந்த உறவைத்தான். அடிமை ஒழிப்பு மனுக்களில் கையொப்பமிட்ட ஆலைப் பெண்களும் இதே நகரில் இருந்தார்கள். கையொப்பமிட்ட கைகளும் நெய்த கைகளும் ஒன்றே என்பதால் என்னால் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கோடைக்காலமாக இருந்தால் கால்வாய்ப் படகுப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். பாடக்கெட் அருவியில் மெரிமாக் ஆறு 32 அடி இறங்குகிறது. இந்த நகரத்தின் மூலதனமெல்லாம் ஆலைகளை ஓட்டிய அந்த இறக்கம்தான். நீர்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் 1850இல் வெள்ளத்தைத் தடுக்கக் கால்வாயில் கட்டிய பிரம்மாண்டமான மரக்கதவை ஊரார் வீண்செலவு என்று கேலி செய்தார்கள். 1852 வெள்ளத்தில் அதை இறக்கியபோது நகரம் பிழைத்தது, 1936இலும் அது மீண்டும் காத்தது. குளிர்காலத்தில் படகுகள் ஓடா. சத்தத்துக்கு அஞ்சும் சிறு குழந்தைகளுடன் வருபவர்கள் ஒருவர் வெளியே நின்று மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒரு முழு நாளை ஒதுக்கி, காலையில் தறிகளையும் மதியத்துக்கு முன் விடுதியையும் முடித்துவிட்டு, கால்வாய்க் கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.